கேதீஸ்வரன் குளிசை போடத் தொடங்கிய கதை

நல்ல பொருள் எது கையில் கிடைத்தாலும் அதைப் பிறகுக்கு என்று எடுத்து வைப்பது கேதீஸ்வரனின் பழக்கம். மகள் ராகவி பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த சட்டைகள் குண்டூசி கழற்றாமல் அலுமாரியில் அடுக்கியிருந்தன. விருந்தாளிகளுக்கென்று வாங்கிய பீங்கான் கோப்பைகளில் இதுவரை ஒரு விருந்தாளியும் தேநீர் குடித்ததில்லை. புதிய காரின் இருக்கைகளில் வந்த பொலித்தீன் உறையை இரண்டாம் வருடம் மனைவி சிவாஜினிதான் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தாள்.

ஆகவே அறுபத்திரண்டாவது வயதில் அவருக்குப் பார்க்கின்சன் நோய் வந்திருக்கிறது என்று சொல்லி, நரம்பு டொக்டர் லெவோடோப்பா குளிசை எழுதிக் கொடுத்தபோது, அந்தப் பெட்டியும் சட்டைகளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அதற்கு அவரிடம் காரணமும் இருந்தது. காரணத்தைக் கொடுத்தவர் அவருடைய நண்பர் கதிர்காமநாதன். எந்த வருத்தத்தை, எந்த நோயைப் பற்றிக் கேட்டாலும் அவருக்கு ஒரு செய்தி தெரிந்திருக்கும். பெரும்பாலும் அது வாட்ஸ்அப்பில் வந்ததாக இருக்கும்.

"உதை மட்டும் தொட்டிடாதை மச்சான். ரொறன்ரோவில என்ர மச்சினன் எடுத்தவன். முதல் அஞ்சு வருசம் ஓடித் திரிஞ்சான். பேந்து குளிசை வேலை செய்யேல்லை. வருத்தமும் கெதியாக் கூடிப்போச்சுது."

கேதீஸ்வரன் இருபத்தாறு வருடமாகச் சிட்னியில் ஒரு நகரசபைக்குப் பாலங்களைப் பரிசோதிக்கும் பொறியியலாளர். ஒரு பாலம் இத்தனை லட்சம் லொறிகளைத்தான் தாங்கும், ஒவ்வொரு லொறியும் அதன் ஆயுளில் ஒரு துளியை எடுத்துக்கொண்டுதான் போகும் என்பது அவருக்கு மனப்பாடம். குளிசையும் அப்படித்தான் என்று அவர் முடிவுகட்டினார். இருப்பது ஐந்து நல்ல வருடங்கள். அவற்றை இப்போதே எதற்குச் செலவழிப்பது? ராகவிக்குக் கல்யாணம் ஆக வேண்டும், பேரப்பிள்ளை பிறக்க வேண்டும், அந்தப் பிள்ளையைத் தூக்க வேண்டும். அப்போது தொடங்கினால் போதும்.

டொக்டர் அதைக் கேட்டுவிட்டு, எப்போது தொடங்குவது என்பது உங்கள் விருப்பம், அன்றாட வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால் மட்டும் வந்து சொல்லுங்கள் என்றாள். "ஒரு இடைஞ்சலும் இல்லை" என்றார் கேதீஸ்வரன், இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கியபடி.

பதினான்கு மாதங்கள் போயின. சட்டைப் பொத்தான் போடப் பத்து நிமிடம் ஆனது. கையெழுத்து வரவரச் சிறுத்து, கடைசிச் சொல்லுக்கு வரும்போது எறும்பு போலானது. நடக்கும்போது இடது கை ஆடாமல் பக்கத்தில் தொங்கியது. இரத்தப் பரிசோதனை நிலையமொன்றில் வேலை செய்யும் சிவாஜினி, நாள் முழுக்க அடுத்தவர் கைகளைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் இந்தக் கையைப் பார்ப்பாள்.

"குளிசையைப் போடுங்கோவனப்பா. உங்களுக்கென்ன விசரே?"

"பொறும். காலம் வரேக்க போடுவன்."

காலம் ஒரு சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, மெல்பனிலிருந்து காரில் வந்து இறங்கியது.

ராகவி விரும்பிய பையன் ஜெகதீஷ். கோயம்புத்தூர்க்காரர்களின் பிள்ளை, மெல்பன் புறநகரான டார்னெய்ட்டில் வளர்ந்தவன். அவனுடைய அப்பா பாஸ்கரும் அம்மா கல்யாணியும் பெண் வீட்டாரை முதல்முறையாகப் பார்க்க வந்திருந்தார்கள். பையனைக் கேதீஸ்வரனுக்கு நன்றாகப் பிடித்திருந்தது. அவன் முதல் சந்திப்பிலேயே பாலங்களைப் பற்றி ஐந்து கேள்வி கேட்டவன். பெற்றோரைக் கண்டதும் இன்னும் பிடித்துவிட்டது. பாஸ்கர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு பகிடி சொன்னார். கேதீஸ்வரன் மனதுக்குள் விழுந்து விழுந்து சிரித்தார்.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சிரிப்பு வெளியே வரவில்லை.

வருத்தம் அவருடைய முகத்தையும் மெல்ல மெல்ல இறுக்கியிருந்தது. உள்ளே கும்மாளம், வெளியே நீதிபதி முகம். பாஸ்கர் இரண்டாவது பகிடி சொன்னார். முகம் அசையவில்லை. மூன்றாவதைப் பாதியில் விட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டார். ஜெகதீஷின் வேலையைப் பற்றிச் சொன்னபோது, "சந்தோசம்" என்று கேதீஸ்வரன் ஒரே தட்டையான குரலில், கண் இமைக்காமல் சொன்னார். அறையில் இருந்த எல்லோருக்கும் அது சாபம் மாதிரிக் கேட்டது.

பத்து நிமிடத்தில் ராகவி குசினிக்குள் போய் அடுப்பருகே நின்று அழத் தொடங்கிவிட்டாள். "ஹீ ஹேட்ஸ் தெம், அம்மா!" என்று அவள் சொன்னது வரவேற்பறை வரை கேட்டது. பாஸ்கர் கார்ச் சாவியைக் கையில் எடுத்து உருட்டத் தொடங்கினார். கேதீஸ்வரனுக்கு நிலைமை விளங்கியது. கெஞ்சுகிற மாதிரி ஒரு புன்னகை செய்யப் பார்த்தார். அது முறைப்பாக வந்தது.

கல்யாணி மட்டும் அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். டார்னெய்ட்டில் ஒரு மருந்துக்கடையில் பத்தொன்பது வருடமாக மருந்தாளுநர். வந்தவர்களுக்குக் கேதீஸ்வரன் கதவைத் திறந்த விதம், நடந்து வந்து கதிரையில் இருந்த விதம், எறும்பு எழுத்தில் விலாசம் எழுதிக் கொடுத்த துண்டு, தொடைக்கு அடியில் போன கை என்று எல்லாவற்றையும் அவர் பார்த்து முடித்திருந்தார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்களுக்குப் பார்க்கின்சன்ஸ் எத்தனை வருசமா இருக்குங்க?"

குசினியில் ராகவியின் விசும்பல்கூட நின்றது.

"பதினாலு மாசம்" என்றார் கேதீஸ்வரன். பிறகு அவசரமாக, "எனக்கு உங்கட பகிடி எல்லாம் நல்ல விருப்பம் பாஸ்கர். நான் உள்ளுக்கை சிரிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார், அதே நீதிபதி முகத்தோடு.

பாஸ்கர் கெக்கட்டமிட்டுச் சிரித்தார். ஜெகதீஷ் சிரித்தான். ராகவி மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கார்ச் சாவி மேசைக்குத் திரும்பியது.

"மாத்திரை எடுத்துக்கறீங்களா?" கல்யாணி விடுவதாக இல்லை.

"அவர் எங்க எடுக்கிறார்? பூட்டி வைச்சிருக்கிறார்" என்று சிவாஜினி ஒரே ஓட்டமாகப் போய்ப் பெட்டியை எடுத்து வந்து நீட்டினாள். பதினான்கு மாதமாக அவள் இந்தத் தருணத்துக்குக் காத்திருந்தவள்.

கேதீஸ்வரன் தன் பாலக் கணக்கை விளக்கினார். லொறி, சுமை, ஆயுள், ஐந்து வருடம், ரொறன்ரோ மச்சினன் எல்லாம் வந்தன. கல்யாணி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நெதர்லாந்துல இதையேதான் சோதிச்சுப் பாத்தாங்கண்ணா. நானூத்துச் சொச்சம் நோயாளிங்க, ரெண்டு குழு. ஒரு குழுவுக்கு முதல் நாள்ல இருந்தே லெவோடோப்பா. இன்னொரு குழுவுக்கு நாப்பது வாரம் வெறும் மாத்திரை, அதுக்கப்புறம்தான் நிஜ மருந்து. எண்பதாவது வாரம் ரெண்டு குழுவையும் அளந்து பாத்தாங்க."

"ஆர் முன்னுக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

கேதீஸ்வரன் முன்னால் சாய்ந்தார். "அப்ப குளிசை வருத்தத்தைக் குறைக்காதோ?"

"குறைக்காது. கூட்டவும் கூட்டாது. நோய் உள்ளுக்குள்ள அது பாட்டுக்கு, அதோட வேகத்துல போயிட்டேதான் இருக்கும். மாத்திரை போட்டீங்கன்னா பொத்தான் போடலாம், நடக்கலாம், எங்க வீட்டுக்காரர் ஜோக்குக்குப் பாவம்னு சிரிக்கலாம். போடலைன்னாலும் அதே நோய்தான். சிரிப்பு மட்டும் இருக்காது."

"அந்த அஞ்சு வருசம்?"

"பிற்பாடு மருந்தோட பலன் சீக்கிரம் இறங்கும், கைகால் தன்னால ஆடும். அதெல்லாம் வரலாம், இல்லைங்கல. மருந்தளவைப் பொறுத்தும் வரும், அதை டாக்டர் பாத்துக்குவாங்க. ஆனா முக்கியமா அது நோய்க்கு வயசாகறதால வர்றதுங்க. நீங்க மாத்திரையைப் பூட்டி வெச்சா நோய் காத்துக்கிட்டு நிக்காது."

கேதீஸ்வரன் மனதுக்குள் கணக்கைத் திருப்பிப் போட்டார். பொறியியலாளருக்குக் கணக்குப் பிழை என்று காட்டினால் போதும். அதற்குமேல் வாதம் வேண்டாம். லொறி போகாவிட்டாலும் துருப்பிடித்துக்கொண்டிருக்கிற பாலம் இது. அதைப் பதினான்கு மாதம் மூடி வைத்துவிட்டு, மிச்சம் பிடித்ததாக நினைத்திருக்கிறார்.

கல்யாணி பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். சிரிப்பில் அவருடைய தோள்கள் குலுங்கின.

"அண்ணா, இது போன மாசமே எக்ஸ்பைரி ஆயிடுச்சு."

சிவாஜினி கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அன்று மதியம் பீங்கான் கோப்பைகளில் தேநீர் ஊற்றப்பட்டது. கேதீஸ்வரன் மறுப்புச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை டொக்டரிடம் புதுச் சீட்டு வாங்கினார். முதலில் அரைக் குளிசை, பிறகு முழுக் குளிசை, நாளுக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். முதல் வாரம் குமட்டல்தான் வந்தது. வெறும் பிஸ்கட்டோடு விழுங்கிவிட்டு, "இதுக்கோ இவ்வளவு பாடு?" என்று முணுமுணுத்தார். இரண்டாம் வாரம் குமட்டல் நின்றது. வேறொன்றும் நடக்கவில்லை.

பதினேழாம் நாள் காலை, வேலைக்குப் புறப்பட்டவர் வாசலில் நின்று கீழே குனிந்து பார்த்தார். சப்பாத்துக் கயிறு கட்டியிருந்தது. யார் கட்டியது? அவர்தான். எப்போது கட்டினார்? நினைவேயில்லை. பதினான்கு மாதமாக ஒவ்வொரு முடிச்சையும் யுத்தம் மாதிரி நினைவில் வைத்திருந்த மனிதர், ஒரு முடிச்சைக் கட்டிவிட்டு மறந்தே போயிருந்தார்.

கயிற்றை அவிழ்த்தார். மறுபடி கட்டினார். அவிழ்த்தார். கட்டினார்.

"சிவா! இஞ்ச ஓடியா!"

சிவாஜினி பல்துலக்கும் பிரஷோடு ஓடி வந்தாள். கணவனைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். பிரஷ் கையிலிருந்து விழுந்தது.

"என்னப்பா... சிரிக்கிறியள்!"

"சிரிக்கிறனோ?"

"பல்லுத் தெரியுது!"

அவர் கண்ணாடிக்கு ஓடினார். ஓடினார் என்பதைக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்ற பிறகுதான் கவனித்தார். கண்ணாடியில் ஒரு மனிதர் காது முதல் காது வரை சிரித்துக்கொண்டு நின்றார். அன்று வேலைக்கு லீவு போட்டார். சிவாஜினியையும் போட வைத்தார். இருவரும் பரமட்டாவிலிருந்து படகேறித் துறைமுகம் வரை போனார்கள். படகில் அவர் ஒரு தோடம்பழத்தை, ஆரஞ்சுத் தோல் முழுதாக வர, உரித்தார். பிறகு பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத சீனக் கிழவிக்கும் ஒன்று உரித்துக் கொடுத்தார். அவள் வேண்டாம் என்றும் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு இரண்டாவதையும் உரித்தார்.

அந்த வாரம் முழுக்க வீடு இரண்டுபட்டது. கடைச் சாமான் பட்டியலைப் பெரிய பெரிய எழுத்தில் இரண்டு பக்கத்துக்கு எழுதினார். குண்டூசி கழற்றிய புதுச் சட்டை நாளுக்கொன்றாக வெளியே வந்தது. ஓடுகிற சப்பாத்து மூன்று சோடி, ஒரே நிறத்தில் வாங்கினார். கல்யாண வரவேற்பில் இரண்டு வீட்டுப் பெற்றோரும் சேர்ந்து ஆடுவது மெல்பனில் இப்போது வழக்கம் என்று ஜெகதீஷ் விளையாட்டாகச் சொல்ல, "நான் ஆடுறன்!" என்று முதல் ஆளாகக் கையை உயர்த்தினார். ராகவி தொலைபேசியில் "அப்பா, ஆர் யூ ஓகே?" என்று மூன்று தரம் கேட்டாள்.

சிவாஜினிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த முறை டொக்டரிடம் போனபோது, சில பார்க்கின்சன் மருந்துகள் ஆட்களைச் சூதாடவும் கண்டபடி சாமான் வாங்கவும் வைக்கும் என்று வாசித்ததைச் சொல்லி, மூன்று சோடிச் சப்பாத்தையும் முறைப்பாடாக வைத்தாள். டொக்டர் அதைச் சிரித்துத் தட்டிவிடவில்லை, கவனமாக விசாரித்தாள். சூதாட்டம்? இல்லை. விடியவிடிய இணையத்தில் வாங்குவது? இல்லை. நித்திரை? நல்ல நித்திரை. எதற்கு மூன்று சோடி?

"இனி நிறைய நடக்கப் போறன். ஒண்டு தேஞ்சால் மற்றது" என்றார் கேதீஸ்வரன்.

"இது சந்தோஷம் என்றுதான் நினைக்கிறேன்" என்றாள் டொக்டர். "ஆனாலும் கண் வைத்திருங்கள்."

"அப்ப வருத்தம் மாறிட்டுது, என்ன?"

டொக்டர் பேனாவை மேசையில் வைத்தாள். கடைசியாக எப்போது கறிவேப்பிலை தாளிக்கிற வாசம் வந்தது என்று கேட்டாள். அவளுக்கு இலங்கை நோயாளிகள் பலர். கேதீஸ்வரன் யோசித்தார். மூன்று வருடமாக வாசம் வருவதில்லை. குளிசை தொடங்கிய பிறகும் வரவில்லை. அவர் அதைத் தேடக்கூட இல்லை.

"கையும் காலும் முகமும் மருந்தைக் கேட்கும். மூக்கு கேட்காது. உள்ளே நடப்பது நடந்துகொண்டிருக்கிறது. நாங்கள் இதை நிறுத்தவில்லை, கேதீஸ்."

வீடு திரும்பும் வழியில் அவர் கார் ஜன்னலைத் திறந்து காற்றை முகர்ந்து பார்த்தார். வெளிச்சச் சந்தியில் சிவப்பு விழுந்து கார் நின்றபோது சிவாஜினி அவருடைய கையைப் பிடித்தாள். பக்கத்துக் காரில் ஒரு நாய் தலையை வெளியே நீட்டி நாக்குத் தொங்க நின்றது. கேதீஸ்வரன் அதைப் பார்த்துச் சிரித்தார். தன் முகம் சிரிக்கிறது என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் சிரித்தார். "பரவாயில்லை சிவா. வாசம் உமக்கு வருதுதானே, நீர் சொல்லும். நான் கேக்கிறன்" என்றார்.

தாலிகட்டு சிட்னியின் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் நடந்தது. அது ஒரு பிசகும் இல்லாமல் நடந்தது. குளிசை நேரத்துக்குப் போட்டிருந்தார். மகளின் கையை எடுத்து மருமகன் கையில் வைத்தபோது இரண்டு கையும் ஆடவில்லை. குரல்தான் ஆடியது. அதற்கு மருந்து இல்லை.

பிசகு மாலை வரவேற்பில் வந்தது. ஆறு மணிக்குப் போட வேண்டிய குளிசையைச் சந்தோஷத்தில் மறந்துபோனார். ஏழரைக்கு நினைவு வந்து விழுங்கியபோது, அதற்கு முன்னால் ஆட்டிறைச்சி ரோல்ஸ் நான்கு உள்ளே போயிருந்தன. இறைச்சி, பருப்பு, பால் எல்லாம் இந்தக் குளிசைக்கு வழியை மறிக்கும் என்பது அவருக்குத் தெரியும். ரோல்ஸ் சூடாக இருந்தது, அவ்வளவுதான் நடந்தது.

எட்டு மணிக்கு ஒலிவாங்கியில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். பாட்டு தொடங்கியது. பாஸ்கர் துள்ளிக்கொண்டு வந்தார். சிவாஜினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். கேதீஸ்வரன் நடு மண்டபம் வரை வந்தார். அங்கே அவருடைய இடது கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. தூக்கச் சொன்னார், கால் கேட்கவில்லை. முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் கதிர்காமநாதன், நான் சொன்னேனே என்பதுபோல், தலையை ஆட்டத் தொடங்கியிருந்தார்.

"எத்தனை ரோல்ஸ்?" கல்யாணி ஆடியபடியே பக்கத்தில் வந்து காதுக்குள் கேட்டார்.

"நாலு."

"அட கடவுளே." கல்யாணி தன் வலது காலை அவருடைய காலுக்கு முன்னால் குறுக்கே நீட்டினார். "தரையைப் பாக்காதீங்க. நடக்கணும்னும் நினைக்காதீங்க. என் காலை மட்டும் தாண்டுங்க."

கேதீஸ்வரன் அந்தக் காலைப் பார்த்தார். அதன் நகங்களில் சிவப்பு வர்ணம் பூசியிருந்தது. தாண்டினார். ஒட்டியிருந்த கால் பூட்டுத் திறந்த மாதிரி எழும்பியது. கல்யாணி மற்றக் காலை நீட்டினார். அதையும் தாண்டினார். நீட்டல், தாண்டல், நீட்டல், தாண்டல். பாட்டின் தாளத்துக்கு அது அச்சொட்டாகப் பொருந்தியது.

மண்டபம் கைதட்டியது. எல்லோரும் அதை மாதக்கணக்கில் பழகிய ஆட்டம் என்றே நினைத்தார்கள். ஜெகதீஷின் நண்பர்கள் இரண்டு வரிசையாக வந்து நின்று ஒருவர் காலை ஒருவர் தாண்டத் தொடங்கினார்கள். பிறகு ராகவியின் தோழிகள் வந்தார்கள். பிறகு கொழும்புப் பெரியம்மா ஒருத்தி வந்து, யாரோ ஒரு கோயம்புத்தூர் மாமாவின் காலைத் தாண்டப் போய், அவருடைய வேட்டியில் சிக்கி, இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சுழன்றார்கள். பாட்டு முடிந்தது. திருப்பிப் போடச் சொல்லிச் சனம் கத்தியது.

இரண்டாவது தரம் போட்ட பாட்டின் நடுவில் எங்கோ குளிசை நான்கு ரோல்ஸையும் விலக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. கேதீஸ்வரனுக்கு அது தோளில் தெரிந்தது, பிறகு முழங்காலில், பிறகு முகத்தில். அதற்குப் பிறகு அவரை மேடையோரத்துக்குக் கூட்டி வர யாராலும் முடியவில்லை. மாப்பிள்ளையோடு ஆடினார். படம் பிடிக்க வந்தவனோடு ஆடினார். கதிர்காமநாதனைக் கதிரையிலிருந்து இழுத்து எடுத்து ஆடினார்.

"மச்சான், குளிசை கூடிப்போச்சுது போல!" என்று கதிர்காமநாதன் மூச்சிரைத்தார்.

"குறைஞ்சு போனதடா! நேரம் பிந்திப் போட்டது!" என்று கேதீஸ்வரன் கத்தினார்.

அடுத்த வருடப் பரிசோதனையில் டொக்டர் கைகளைத் திறந்து மூடச் சொன்னாள், விரல்களைத் தட்டச் சொன்னாள், நடக்கச் சொன்னாள். வலது கையிலும் கொஞ்சம் தொடங்கியிருந்தது. வருத்தம் நடக்க வேண்டிய தூரம் நடந்திருந்தது. அந்தத் தூரத்துக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குளிசை நாளுக்கு நான்கு வேளையானது. கேதீஸ்வரன் நேரங்களைக் குறித்துக்கொண்டார். நன்றி சொன்னார். வெளியே வந்ததும், கார் எந்தத் தளத்தில் நிற்கிறது என்று இருவருக்கும் நினைவில்லை.

"மூண்டாம் தளம்" என்றாள் சிவாஜினி.

"நாலு. பந்தயம் பிடிப்பமோ? ஆர் முதல் காண்கிறதெண்டு?"

"எனக்கு முழங்கால் நோகுதப்பா."

"சரி, நீர் லிஃப்டில வாரும்" என்று சொல்லிவிட்டு அவர் சரிவுப் பாதையில் ஏறத் தொடங்கினார், இரண்டு கையையும் வீசிக்கொண்டு. சிவாஜினி லிஃப்டின் பொத்தானை அழுத்தினாள். அது வரத் தாமதமானது. மேலே எங்கோ அவர் கார்ச் சாவியை அழுத்தி அழுத்தி ஒலி எழுப்புவதும், "மூண்டிலதான் நிக்குது, நீர் வெண்டிட்டீர்!" என்று கத்திச் சிரிப்பதும் கட்டடம் முழுக்கக் கேட்டது.